ஆண்டு விழா நடனத்துக்குப் பாட்டு வெட்டி ஒட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு பிஜிஎம் (படத்தின் பின்னணி இசை), ஒரு கிராமியப் பாட்டு, முடிவில் ஒரு குத்து ரீமிக்ஸ். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடத்துக்குள் அடங்க வேண்டும். சேலத்தில் ஆண்டு விழா நடக்கிற மாதங்களில் என்னிடம் வருகிற வேலை பெரும்பாலும் இதுதான். "அண்ணா, பாட்டு கட் பண்ணி மட்டும் கொடுங்க" என்று டீச்சர்கள் கேட்பார்கள். கட் பண்ணுவது இந்த வேலையில் ஆறாவது படி. கூட உட்கார்ந்து பழகிய பிள்ளைகள் எல்லோரும் அதையே முதல் படியாக எடுத்துக்கொண்டு, பாதி ராத்திரியில் மாட்டிக்கொள்வதைப் பார்த்துவிட்டேன்.

பாடுகிறவர் வாயைக் கேட்டு வெட்டினால், ஆடுகிறவர் கால் தடுமாறும். கீழே உள்ள எல்லாப் படிகளும் இதிலிருந்து கிளைத்தவைதான்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

கம்ப்யூட்டர் அல்லது லேப்டாப். ஆடாசிட்டி மென்பொருள், இது இலவசம். காதை மூடுகிற ஹெட்போன், அதோடு ஒரு சாதாரண ஸ்பீக்கர். இரண்டு பென்டிரைவ். கோடு போட்ட நோட்டு, பென்சில்.

செல்போன் செயலியிலும் வெட்டலாம், அவசரத்துக்கு நானும் செய்திருக்கிறேன். ஆனால் ஒலியின் அலை வடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, ஒரு தட்டு, அதாவது தாளத்தின் ஒரு அடி, தொடங்குகிற இடத்தை விரல் நுனியால் பிடிப்பது கஷ்டம். இந்த வேலையின் தரம் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

நோட்டைப் பார்த்துச் சிலர் சிரிப்பார்கள். நான்காம் படிக்கு வரும்போது அது எதற்கென்று தெரியும்.

2. பாட்டுக்கு முன்னால் ஆடுகிறவர்களைக் கேளுங்கள்

டீச்சரிடமோ டான்ஸ் மாஸ்டரிடமோ இந்த ஐந்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை பேர் ஆடுகிறார்கள், எந்த வகுப்பு, மொத்தம் எத்தனை நிமிடம் கொடுத்திருக்கிறார்கள், மேடைக்கு ஓரத்திலிருந்து நடந்து வருகிறார்களா இல்லை திரை விலகும்போதே நிற்கிறார்களா, நடுவில் ஒரு குழு இறங்கி இன்னொரு குழு ஏறுகிறதா.

கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. இருபது பிள்ளைகள் மேடையின் ஒரு பக்கம் இறங்கி, இருபது பேர் மறுபக்கம் ஏறக் குறைந்தது பதினைந்து விநாடி வேண்டும். அந்தப் பதினைந்து விநாடிக்குப் பாட்டில் இடம் வைக்காவிட்டால், அடுத்த பல்லவி காலி மேடையில் ஓடும்.

வயதும் முக்கியம். யுகேஜி பிள்ளைகளுக்கு நிமிடத்துக்கு 130 தட்டு ஓடுகிற ரீமிக்ஸைக் கொடுத்தால் கை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போகும். அவர்களுக்கு 100, 110-ஐத் தாண்டாத பாட்டே போதும்.

3. சுத்தமான கோப்பு

ரிங்டோன் தளங்களில் இறக்கியது, வாட்ஸ்அப்பில் நாலு பேர் கை மாறி வந்தது, டிவிக்கு எதிரே போனை வைத்துப் பதிந்தது. இந்த மூன்றையும் தொடாதீர்கள். ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் ஜால்ரா, சலங்கை, கைத்தட்டு போன்ற மேல் ஒலிகள்தான் முதலில் கெடும். ஹெட்போனில் அது பெரிதாகத் தெரியாது. மைக்செட்டில் பத்து மடங்கு சத்தத்தில் போடும்போது மணலை வறுக்கிற மாதிரி கேட்கும்.

சிடியிலிருந்து எடுத்ததோ, விலை கொடுத்து இறக்கியதோ இருந்தால் நல்லது. எம்பி3 என்றால் தரம் 320 கேபிபிஎஸ் இருக்கிறதா என்று பாருங்கள். 128 கேபிபிஎஸ் கோப்பை 320 ஆக மாற்றி வைத்துக்கொள்வதால் பயன் இல்லை; போன ஒலி போனதுதான்.

ஒரே பாட்டுக்குப் படத்தில் வந்த வடிவம், ஆல்பம் வடிவம், ரீமிக்ஸ் என மூன்று நான்கு இருக்கும். மாஸ்டர் எதைப் போட்டு ஒத்திகை எடுத்தாரோ அதையே கேட்டு வாங்குங்கள். முதல் இசையில் நாலு தட்டு கூடுதலாக இருந்தால்கூடப் பிள்ளைகள் கற்ற அசைவு எல்லாம் நகர்ந்துவிடும்.

4. எண்ணுங்கள்

நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள்.

டான்ஸ் மாஸ்டர்கள் தட்டுகளை எட்டு எட்டாக எண்ணுவார்கள்; எட்டுத் தட்டு சேர்ந்தது ஒரு 'எட்டு'. "ஃபைவ், சிக்ஸ், செவன், எயிட்" என்று அவர் கத்துவது அடுத்த எட்டுக்கான அழைப்பு. நீங்களும் அதே எட்டில் எண்ண வேண்டும். பாட்டை ஓடவிட்டு, எழுந்து நின்று, காலால் தட்டுங்கள். உட்கார்ந்து விரலால் தட்டினால் பாடகரின் இழுப்புக்கு விரல் இணங்கிப்போகும். கால் அப்படி ஏமாறாது.

முதலில் நடையை, அதாவது ஒரு தட்டு எத்தனை பங்காகப் பிரிகிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு தட்டுக்குள்ளும் "தகதிமி" என்று சொல்லிப் பாருங்கள். சரியாக உட்கார்ந்தால் நான்கின் நடை, சதுஸ்ரம். நாக்கு முட்டினால் "தகிட" சொல்லுங்கள். அது உட்கார்ந்தால் மூன்றின் நடை, திஸ்ரம். நம் கும்மி, தெம்மாங்கு, பல கிராமியப் பாட்டுகள் திஸ்ரத்தில் துள்ளுகின்றன. ரீமிக்ஸ்களில் பெரும்பாலானவை சதுஸ்ரத்தில் இடிக்கின்றன. புதியவர்கள் அடிக்கிற பெரிய தப்பு இங்கேதான்: தெம்மாங்குக் குரலுக்கு அடியில் ரீமிக்ஸ் பீட்டை வைத்து ஒட்டிவிடுவார்கள். வேகம் ஒன்றாகத்தான் இருக்கும். ஆனாலும் துள்ளுகிற கால் திடீரென்று அணிவகுப்பு நடக்கும்.

அடுத்து வேகம். 15 விநாடிக்கு எத்தனை தட்டு என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். மென்பொருள் தானாகச் சொல்கிற எண்ணை அப்படியே நம்பாதீர்கள். 128 வேகப் பாட்டை 64 என்று சொல்லும். திஸ்ரப் பாட்டில் 120-ஐ 180 என்று காட்டும். காலால் எண்ணியதோடு ஒத்துப்போனால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் தாளம் வருவதற்கு முன்னால் பதிவான பாட்டுகளில் வாத்தியக்காரர்கள் கூடி உட்கார்ந்து நேரடியாக வாசித்தார்கள். அதனால் வேகம் கொஞ்சம் ஏறும், இறங்கும். பாட்டின் உயிரே அதில்தான். அப்படிப்பட்ட பாட்டைத் தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடத்தில் அளந்து, எந்த இடத்தில் வெட்டப் போகிறீர்களோ அந்த இடத்து வேகத்தை எழுதுங்கள். அதன் அடியில் கம்ப்யூட்டர் பீட் எதையும் நீளமாக ஓடவிடாதீர்கள். இருபதாவது விநாடியில் இரண்டும் விலகி, கதவு தட்டுகிற மாதிரி இரட்டைச் சத்தம் வரும்.

இனி நோட்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பக்கம். "பிஜிஎம்: 96, சதுஸ்ரம், 12 எட்டு. கிராமியம்: 120, திஸ்ரம், 24 எட்டு. ரீமிக்ஸ்: 128, சதுஸ்ரம், 32 எட்டு." நேரத்தைப் போட இவ்வளவு போதும். 96 வேகத்தில் ஒரு எட்டுக்கு 5 விநாடி, 120-ல் 4 விநாடி, 128-ல் 3.75 விநாடி. பெருக்கினால் 60, 96, 120. கூட்டினால் 276 விநாடி. நடுவில் இணைப்புக்கு நான்கு எட்டு, 16 விநாடி. மொத்தம் 292, அதாவது 4 நிமிடம் 52 விநாடி. கம்ப்யூட்டரைத் திறக்காமலே ஐந்து நிமிடத்துக்குள் அடங்குமா என்று தெரிந்துவிட்டது. அடங்காவிட்டால் எந்த எட்டை எடுப்பது என்று மாஸ்டரிடம் இப்போதே கேட்கலாம்.

5. சுருதிக் கட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள்

தாளம் சரியாக விழுந்தும் ஒட்டுகிற இடம் காதில் குத்தினால், சுருதி மோதுகிறது என்று அர்த்தம். சுருதியின் உயரத்தைக் கட்டை என்று எண்ணால் சொல்வோம். ஒரு பாட்டு ஒரு கட்டையில் இருக்க, அடுத்தது ஒன்றரைக் கட்டையில் தொடங்கினால் முதல் பாட்டே சுருதி தவறிய மாதிரி தோன்றும்.

ஆர்மோனியமோ, போனில் ஒரு கீபோர்டு செயலியோ வைத்து ஒவ்வொரு பாட்டின் ஸட்ஜமத்தை, அதாவது 'ஸ' நிற்கிற இடத்தைக் கண்டுபிடித்து நோட்டில் கட்டை எழுதுங்கள். ஒரே கட்டை என்றால் கவலை இல்லை. ஒன்றின் பஞ்சமம் ('ப') அடுத்ததன் ஸட்ஜமமாக அமைந்தாலும், அதாவது ஒரு கட்டையிலிருந்து ஐந்து கட்டைக்குப் போனாலும், காது ஏற்றுக்கொள்ளும். பழைய கேசட்டிலிருந்து எடுத்த பாட்டு இரண்டு கட்டைக்கு நடுவில் தொங்கும். டேப் ஓடிய வேகம் அப்படி. அதை மட்டும் ஆடாசிட்டியில் சுருதி மாற்றும் வசதியால் அரைக் கட்டைக்குள் சரி செய்யலாம். அதைத் தாண்டினால் குரல் பொம்மைக் குரல் ஆகிவிடும்.

6. வெட்டு

எல்லாப் பாட்டையும் தனித்தனி ட்ராக்கில் ஏற்றுங்கள். மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் வேலை செய்யுங்கள். பாட்டை ஓடவிட்டு, நோட்டில் குறித்த எட்டு தொடங்குகிற இடங்களில் கன்ட்ரோல் எம் அழுத்தி அடையாளம் போட்டுக்கொண்டே போங்கள்.

இப்போது ஒரு அடையாளத்தைப் பெரிதாக்குங்கள். தப்புமேளம் அடித்த இடம் செங்குத்தான சுவர் மாதிரி எழுந்து, வலப்பக்கம் சரிந்து போகும். சுவருக்கு முன்னால் சின்னச் சின்னப் புல் மாதிரி முந்தைய ஒலியின் மிச்சம் இருக்கும். வெட்ட வேண்டியது சுவர் எழுவதற்கு ஒரு மயிரிழை முன்னால். சுவருக்குள் வெட்டினால் அடியின் முனை மழுங்கி, குச்சி பட்ட சத்தம் போய் வெறும் தோல் அதிர்வு மிஞ்சும். வெட்டும் இடத்தைத் தேர்ந்ததும் இசட் விசையை அழுத்துங்கள். அலை நடுக்கோட்டைக் கடக்கும் இடத்துக்கு அது நகர்ந்துவிடும். இல்லாவிட்டால் ஒட்டுகிற இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும்.

பல்லவியின் முதல் சொல் எப்போதும் முதல் தட்டில் விழுவதில்லை. பல பாட்டுகளில் அரைத் தட்டு, ஒரு தட்டு முன்னாலேயே எடுத்துவிடுவார்கள். சொல் தொடங்கும் இடத்தை ஒன்று என்று நினைத்து ஒட்டினால் அந்தப் பாட்டு முழுக்க எண்ணிக்கை ஒரு தட்டு தள்ளிப் போகும். அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு ஒத்திகையில் நான் அனுப்பிய கோப்பிலேயே இது நடந்தது. முன்வரிசையில் நின்ற நாலாம் வகுப்புப் பெண் வலது காலைத் தூக்கினாள், தட்டு வரவில்லை. கால் அந்தரத்திலேயே நின்றது. பக்கத்துப் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள், அவளுடைய காலும் அந்தரத்தில். மாஸ்டர் தப்பு அவள்மேல் என்று அதட்டினார். தப்பு என்னுடையது. அன்றிலிருந்து சொல்லைப் பார்த்து வெட்டுவதில்லை, தட்டைப் பார்த்துத்தான்.

7. ஒட்டு

ஒரு பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அடக்கி, அடுத்ததை மெல்ல ஏற்றுவது எல்லோருக்கும் முதலில் தோன்றுகிற வழி. கேட்பதற்கு இதமாக இருக்கும். ஆடுவதற்கு ஆகாது. அந்த மூன்று விநாடியில் எந்தத் தாளத்துக்குக் கால் வைப்பது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. எட்டாவது தட்டோடு ஒன்று முடிந்து, அடுத்த பாட்டின் முதல் தட்டு சரியாக அந்த நேரத்தில் விழ வேண்டும்.

அதற்காக முதல் பாட்டைக் கத்தியால் நறுக்கின மாதிரி நிறுத்தவும் வேண்டாம். பாடகரின் குரலுக்கு ஒரு எதிரொலி வால் இருக்கும். அந்த வாலை மட்டும் அரை விநாடி அடுத்த பாட்டின் முதல் தட்டுக்கு அடியில் ஓடவிட்டு அடக்குங்கள். கூட்டம் ஒட்டை உணராது.

வேகம் வேறுபட்டால்? 120-லிருந்து 128-க்குத் தாவுவது கிட்டத்தட்ட ஏழு சதவீதம். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்றும் வசதி இருக்கிறது. ஆனால் நான்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் போனால் குரல் நடுங்கும், தவில் தகரம் ஆகும். ரீமிக்ஸைக் கொஞ்சம் குறைத்து 124-க்குக் கொண்டுவாருங்கள், மூன்று சதவீதம்தான். கிராமியப் பாட்டை அப்படியே விட்டுவிடுங்கள். மனிதக் குரலும் கைவாத்தியமும் இருக்கிற பக்கத்தைவிடக் கம்ப்யூட்டர் பீட் இருக்கிற பக்கம் நீட்டலையும் குறுக்கலையும் நன்றாகத் தாங்கும். குறைத்தால் நேரம் நீளும் என்பதையும் நோட்டில் திருத்துங்கள்: 32 எட்டுக்கு 120 விநாடி இருந்தது, இனி ஏறக்குறைய 124. மொத்தம் 4 நிமிடம் 56 விநாடி, இன்னும் ஐந்துக்குள்தான்.

நடையும் வேறு, கட்டையும் வேறு, வேகமும் வேறு என்றால் என் கைமருந்து ஒன்றுதான்: நடுவில் வெறும் தோல் வாத்தியம் நான்கு எட்டு. பறையோ உருமியோ தனியாக ஒலிக்கும்போது காது பழைய சுருதியை மறந்துவிடும், புதிய கட்டை எதுவாக இருந்தாலும் சண்டை வராது. முதல் இரண்டு எட்டை "தகிட" நடையிலும் அடுத்த இரண்டை "தகதிமி" நடையிலும் வைத்தால் பிள்ளைகளின் காலும் அதற்குள் மாறிக்கொள்ளும். அந்தப் பதினாறு விநாடியில் ஒரு குழு இறங்கி மறு குழுவும் ஏறிவிடும். ஆடித் திருவிழாவில் சேலம் குகைப் பகுதியில் நடக்கிற வண்டி வேடிக்கை ஊர்வலத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வண்டிக்கு ஒரு பாட்டு போனாலும், நடுவில் மேளம் அடிக்கிறவர்கள்தான் கூட்டத்தை ஒரே நடையில் வைத்திருப்பார்கள்.

பிஜிஎம் துண்டுகளுக்கு ஒரு எச்சரிக்கை. படத்துக்காக எழுதிய பின்னணி இசை காட்சிக்கு ஏற்ப நிற்கும், வேகம் மாறும், எட்டில் அடங்காது. அதை நுழைவுக்கும் உறைந்து நிற்கும் நிலைகளுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் 12 எட்டு என்று எழுதியிருந்தாலும், அதில் எந்த எட்டு உடைகிறது என்று கேட்டு மாஸ்டரிடம் காட்டுங்கள்.

8. சத்தத்தைச் சமப்படுத்துங்கள்

ரீமிக்ஸ்களைக் காது அடைக்கிற அளவுக்கு அழுத்திப் பதிந்திருப்பார்கள். பழைய மெலடியில் மெதுவான இடமும் ஓங்கிய இடமும் இருக்கும். மெலடியைத் தூக்கி ரீமிக்ஸுக்குச் சமமாக்கப் பார்த்தால் ஓங்கிய இடத்தில் ஒலி உடையும். ரீமிக்ஸை இறக்குங்கள். சத்தம் வேண்டுமென்றால் மைக்செட்காரர் தன் மிக்சர் பலகையில் ஏற்றிக்கொள்வார்.

கடைசியில் ஸ்பீக்கரில் சத்தத்தை மிகக் குறைத்து வைத்து, அடுத்த அறையிலிருந்து கேளுங்கள். எந்தப் பாட்டு காணாமல் போகிறதோ அது தாழ்ந்திருக்கிறது. மொத்தக் கோப்பின் உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும்.

பேஸை, அதாவது கீழ் ஒலியை, ஏற்றாதீர்கள். மூடிய மண்டபத்தில் அது தானாகவே வீங்கும்.

9. ஒத்திகையில் பாருங்கள், கேட்காதீர்கள்

முதல் வடிவத்தை ஒத்திகைக்குக் கொடுத்துவிட்டு நேரில் போங்கள். ஸ்பீக்கரைப் பார்க்காமல் பிள்ளைகளின் கால்களைப் பாருங்கள். எந்த ஒட்டில் ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் தயங்குகிறார்களோ அந்த ஒட்டு தப்பு. ஒரே பிள்ளை தயங்கினால் அது பயிற்சி.

திருத்தத்தை அன்றே முடித்துக் கொடுங்கள். விழாவுக்கு மூன்று நாள் முன்னால் கோப்பைப் பூட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் பாட்டை மாற்றாதீர்கள், உடம்பு பழகிய எண்ணிக்கை ஒரு ராத்திரியில் மாறாது.

10. கோப்பும் மேடையும்

தொடக்கத்தில் இரண்டு விநாடி மௌனம் வையுங்கள். சில பிளேயர்கள் முதல் அரை விநாடியை விழுங்கும். முடிவிலும் ஐந்து விநாடி மௌனம் வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் கடைசி நிலையில் நிற்கும்போதே அடுத்த நிகழ்ச்சியின் பாட்டு பாய்ந்துவிடும்.

44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் கோப்பாக எடுங்கள். நிமிடத்துக்குப் பத்து எம்பி சொச்சம் வரும், ஐந்து நிமிடத்துக்கு 53 எம்பி. கூடவே ஒரு 320 எம்பி3. பழைய பிளேயர்கள் ஃபேட்32 முறையில் பார்மேட் செய்த பென்டிரைவைத்தான் படிக்கும். பெயரை ஆங்கில எழுத்தில், நிகழ்ச்சி எண்ணை முன்னால் போட்டு வையுங்கள். தமிழில் வைத்தால் சில பெட்டிகள் கட்டம் கட்டமாகக் காட்டும். அதே பென்டிரைவில் பழைய திருத்தங்கள் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

லேப்டாப்பிலிருந்து நேராகப் போடுகிறீர்கள் என்றால் இதைக் கவனியுங்கள். ஹெட்போன் துளையிலிருந்து ஒற்றை ஸ்டீரியோ பின்னை மைக்செட் பலகையின் மைக் துளையில் செருகினால், சில பலகைகள் இடது ஒலியிலிருந்து வலது ஒலியைக் கழித்துவிடும். இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பது குரல். அது கழிந்து போய்விடும். ஒரு பள்ளியில் பாட்டு ஓடுகிறது, தாளம் கேட்கிறது, பாடகரை மட்டும் காணோம். கோப்பு கெட்டுவிட்டதென்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பின்னை இரண்டாகப் பிரிக்கும் ஒய் வயர் போட்டு இரண்டு சேனலில் கொடுத்ததும் குரல் வந்தது. அந்த வயர் இப்போது என் பையை விட்டுப் போவதில்லை. சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள், 'ம்ம்ம்' என்ற இரைச்சல் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

ஏற்காட்டில் விழா என்றால் இன்னும் இரண்டு விஷயம். பாட்டை இணையச் சேமிப்பில் வைத்துவிட்டு மேலே போய் இறக்கிக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய், சிக்னலுக்காக மைதானத்தைச் சுற்றி நடந்திருக்கிறேன். கோரிமேடு தாண்டுவதற்கு முன்னாலேயே இரண்டு பென்டிரைவும் நிரம்பியிருக்க வேண்டும், ஒன்று உங்கள் பையில், ஒன்று டீச்சரிடம். இரண்டாவது, அங்கே திறந்த மைதானத்தில் சுவர் இல்லாததால் பேஸ் மெலிந்து கேட்கும். பதறிப்போய்க் கோப்பைத் திருத்தாமல், பலகையில் ஏற்றச் சொல்லுங்கள். சாயங்காலம் மூடுபனி இறங்கினால் வயர் இணைப்புகளைத் துணியால் துடைத்து மூடி வையுங்கள்.

மைக்செட்காரருக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள்: நிகழ்ச்சி எண், கோப்பின் பெயர், எத்தனை நிமிடம், எந்தச் சைகைக்குப் போட வேண்டும். "பாப்பா கையைத் தூக்கினதும் போடுங்கண்ணா" என்று ஒரே ஒரு சைகை போதும். இடையில் மௌனம் வருகிற பாட்டென்றால் "2:10-ல் நின்று திரும்ப வரும், நிறுத்தாதீங்க" என்பதையும் எழுதுங்கள். பாட்டு முடிந்துவிட்டதென்று நினைத்து அவர் நிறுத்திவிடுவதை நான் இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

11. விழா முடிந்த பிறகு

பள்ளி நிகழ்ச்சியில் மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர் மட்டும் இருக்கும் கூட்டத்தில் பாட்டு போடுவதற்குப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 52-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. அதே நடனத்தை வீடியோவாக யூடியூப்பில் ஏற்றுவது வேறு கணக்கு. அங்கே கன்டென்ட் ஐடி என்ற தானியங்கிச் சோதனை பாட்டைக் கண்டுபிடித்து, உரிமையாளர் விருப்பப்படி ஒலியை அடக்கலாம், வீடியோவைத் தடுக்கலாம். வேகத்தையோ சுருதியையோ லேசாக மாற்றினால் தப்பிக்கலாம் என்று சொல்கிற பேச்சைக் கேட்காதீர்கள். அந்த உழைப்பு வீண், பாட்டும் கெடும். இதை டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆடாசிட்டி ப்ராஜெக்ட் கோப்பையும் நோட்டுப் பக்கத்தின் போட்டோவையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். அடுத்த வருடம் அதே டீச்சர் வந்து, "அண்ணா, அந்தப் பறை பிட் மட்டும் ரெண்டு எட்டு கூட வேணும்" என்பார். நோட்டு இருந்தால் அது பத்து நிமிட வேலை.